கல்லாப் பெட்டிக்குப் பின்னால் ஒரு வலி
அக்குபங்சர் பற்றி வணிகர்கள் அறிந்துகொள்ள வேண்டியவை

விடியற்காலை ஐந்து மணிக்குப் பால் வண்டி வரும்போது கடைக் கதவைத் தூக்குகிறோம். இரவு பத்து மணிக்கு இறக்குகிறோம். இடைப்பட்ட பதினேழு மணி நேரத்தில் எத்தனை நிமிடம் உட்கார்ந்தோம், மதியச் சாப்பாட்டை எத்தனை மணிக்குச் சாப்பிட்டோம், எத்தனை டீ குடித்தோம் என்பதை எந்தச் சிட்டையிலும் நாம் எழுதி வைப்பதில்லை. சரக்கு வரவுக்கு ஒரு நோட்டு உண்டு. கடன் பாக்கிக்கு ஒரு நோட்டு உண்டு. உடம்புக்கு மட்டும் நோட்டு இல்லை. அதன் பாக்கி ஏறிக்கொண்டே போய், ஒருநாள் மொத்தமாக வசூலுக்கு வந்து நிற்கிறது.

தேனி, போடி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று நம் வட்டாரத்தில் எந்தக் கடைவீதிக்குப் போனாலும் வணிகர்கள் பேசிக்கொள்ளும் நோய்கள் ஒன்றுதான். நின்று நின்று குதிகால் வலி. மூட்டை இறக்கி இடுப்புப் பிடிப்பு. தராசில் கை நீட்டி நீட்டித் தோள்பட்டை இறுக்கம். ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு முழங்கால். அதோடு, பெரும்பாலோருக்குச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும்.

"ஊசி வைத்தியம் பார்க்கலாமா? அக்குபங்சர் என்கிறார்களே, பலன் உண்டா?" என்ற கேள்வி நம்மிடம் அடிக்கடி வருகிறது. வாய்க்கு வந்த பதிலைச் சொல்லாமல், விசாரித்து, நேரில் பார்த்து, படித்து எழுத வேண்டும் என்று நினைத்திருந்தோம். அந்த எண்ணத்தை அவசரமாக்கியது ஒரு சம்பவம்.

நம் வட்டாரத்தைச் சேர்ந்த பலசரக்கு வணிகர் ஒருவர். பெயரும் ஊரும் வேண்டாம். பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிட்டு வந்தவர். முழங்கால் வலிக்காக ஒரு சிகிச்சை நிலையத்துக்குப் போனார். ஐந்தாறு தடவையில் வலி நன்றாகவே குறைந்தது. படியேற முடியாதவர் படியேறினார். அந்த நம்பிக்கையில் இருந்தவரிடம், "மாத்திரையெல்லாம் உடம்பில் கழிவாகத்தான் தங்கும், நிறுத்திவிடுங்கள்" என்று சொன்னார்கள். நிறுத்திவிட்டார். சில மாதங்களில் செருப்பு கடித்துக் காலில் ஒரு கொப்புளம் வந்தது. சர்க்கரையால் கால் மரத்திருந்ததால் வலி தெரியவில்லை. தெரிந்தபோது இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

அவரைப் பார்க்கப் போயிருந்தபோது கட்டுப்போட்ட காலை நீட்டியபடி அவர் சொன்னது இதுதான்: "முட்டி வலி போனதும் நிஜம்ணே. விரல் போனதும் நிஜம்ணே. ரெண்டையும் எழுதுங்க."

இரண்டையும் எழுதுகிறோம். இக்கட்டுரையில் பெயர் சொல்லப்படும் எவருக்கும் எந்த நிறுவனத்துக்கும் அந்தச் சம்பவத்தோடு தொடர்பில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

ஊசி வந்த வழி

அக்குபங்சர் என்பது லத்தீன் மொழியிலிருந்து வந்த பெயர். ஊசி, குத்துதல் என்ற இரண்டு சொற்கள் சேர்ந்தது. முறையோ சீனாவினுடையது. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பட்ட சீன மருத்துவ நூல்களிலேயே இது விரிவாகப் பேசப்படுகிறது. உடம்பில் 'சி' எனப்படும் உயிராற்றல் சில பாதைகளில் ஓடுகிறது. ஓட்டம் தடைப்பட்டால் நோய். அப்பாதையில் உள்ள புள்ளிகளைத் தூண்டினால் ஓட்டம் சீராகும் என்பது அவர்களின் கருத்து. முக்கியப் பாதைகள் பதினான்கு, புள்ளிகள் 361 என்று இன்று கணக்கிடுகிறார்கள். ஊசியோடு, மாசிபத்திரி இனத்துச் செடி ஒன்றின் இலையைக் காயவைத்து, சுருட்டி, கனல வைத்துப் புள்ளியில் சூடு காட்டுவதும் உண்டு. இவ்விரண்டையும் சேர்த்து 2010-ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளில் ஒன்றாகப் பட்டியலிட்டது.

குமரி மாவட்டத்து வர்ம ஆசான்களை அறிந்தவர்களுக்கு, உடம்பில் புள்ளிகள் உண்டு என்ற செய்தி புதியதல்ல. ஆனால் வர்மம் வேறு, அக்குபங்சர் வேறு. இரண்டும் தனித்தனியாக வளர்ந்த கலைகள்.

இந்தியாவுக்கு இது வந்த கதையில் ஒரு தியாக வரலாறு இருக்கிறது. 1938-ஆம் ஆண்டு, ஜப்பானியப் படையெடுப்பில் சிக்கியிருந்த சீனாவுக்கு, அப்போது காங்கிரஸ் தலைவராக இருந்த சுபாஷ் சந்திர போஸின் முயற்சியால் ஐந்து இந்திய மருத்துவர்கள் கப்பலேறினார்கள். அதில் ஒருவர் சோலாப்பூரைச் சேர்ந்த டாக்டர் துவாரகநாத் கோட்னிஸ். போர்முனையிலேயே சேவை செய்து, 1942 டிசம்பரில், 32 வயதில் அங்கேயே காலமானார். அந்த ஐவரில் இன்னொருவர் வங்காளத்து டாக்டர் விஜயகுமார் பாசு. அவர் 1958-இல் மறுபடியும் சீனா சென்று அக்குபங்சர் கற்றுக்கொண்டு, 1959-இல் கல்கத்தாவில் அந்தச் சிகிச்சையைத் தொடங்கினார். நம் நாட்டில் இம்முறை வேரூன்றியது அவரால்தான். கோட்னிஸ் பெயரில் பஞ்சாபின் லூதியானாவில் ஓர் அக்குபங்சர் மருத்துவமனை 1975-இல் தொடங்கப்பட்டது.

பக்கத்து நாடான இலங்கையில், கொழும்பை அடுத்த களுபோவில அரசு மருத்துவமனையில் டாக்டர் அந்தோன் ஜயசூரிய பல்லாண்டுகள் இச்சிகிச்சையை நடத்தினார். வெளிநாடுகளிலிருந்தெல்லாம் அவரிடம் கற்க வந்தார்கள்.

மேலை நாடுகளில் பரபரப்பு உண்டானது 1971-இல். அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டன் பீக்கிங் போயிருந்தபோது அவருக்குக் குடல்வால் அறுவை சிகிச்சை நடந்தது. பின்பு ஏற்பட்ட வயிற்று உபாதைக்கு அங்கே ஊசி வைத்தார்கள், உபாதை தணிந்தது. அதை அவர் தம் பத்திரிகையில் எழுதினார். "ஊசி வைத்தே வயிற்றைக் கிழித்தார்கள்" என்று இன்றும் சிலர் மேடையில் சொல்கிறார்கள். அது சரியல்ல. அறுவைக்கு வழக்கமான மரப்பு மருந்தைத்தான் கொடுத்தார்கள். ஊசி வந்தது பிறகுதான். சரக்கு நல்ல சரக்காக இருந்தாலும், இல்லாத குணத்தைச் சொல்லி விற்றால் பெயர் கெடும் என்பது நமக்குத் தெரியாததா?

நம் பள்ளத்தாக்கில்

தமிழ்நாட்டில் அக்குபங்சர் இரண்டு வழிகளில் பரவியது. ஒன்று, பல ஊசிகளை வைத்து இருபது முப்பது நிமிடம் படுக்க வைக்கும் முறை. சிலர் அந்த ஊசிகளில் மெல்லிய மின்சாரமும் பாய்ச்சுவார்கள். மற்றொன்று, நாடி பார்த்து ஒரே ஒரு புள்ளியைத் தேர்ந்து ஓர் ஊசி மட்டும் வைப்பது, அல்லது ஊசியே இல்லாமல் விரலால் தொடுவது. ஒற்றை ஊசி முறையைத் தமிழகத்தில் பலருக்கும் அறிமுகப்படுத்தியவர்களில் டாக்டர் பஸ்லூர் ரஹ்மான் முக்கியமானவர்.

இந்தத் தொடு சிகிச்சை வழிக்கு நம் கம்பம் ஒரு முக்கிய ஊராக இருக்கிறது என்பது வெளியூர் வணிகர் பலருக்குத் தெரியாது. 'கம்பம் அகாடமி ஆஃப் அக்குபங்சர்' என்ற பயிற்சி நிறுவனத்தின் பெயர் தமிழகம் முழுவதும் இத்துறையினருக்குப் பழக்கமானது. அதோடு சேர்த்து அறியப்படும் அ. உமர் பாரூக், 'உடலின் மொழி' என்ற நூலாலும், 'ஆதுரசாலை' என்ற நாவலாலும் இலக்கிய வாசகர்களுக்கும் தெரிந்தவர். பசித்தால் சாப்பிடு, தாகம் எடுத்தால் நீர் குடி, அசந்தால் ஓய்வெடு என்று உடம்பின் குரலைக் கேட்கச் சொல்லும் பேச்சு இந்த வட்டாரத்தில் வீடுகள் வரை போய்ச் சேர்ந்திருக்கிறது. திராட்சைக்கும் ஏலக்காய்க்கும் பெயர்போன பள்ளத்தாக்கு, இந்த வைத்தியத்துக்கும் பெயர் பெற்றது.

நாமும் ஊசி வைக்கும் ஓரிடத்துக்கு ஒருநாள் போய் உட்கார்ந்து பார்த்தோம். ஊசி என்றதும் டாக்டர் போடும் ஊசியை நினைக்கக் கூடாது. உள்ளே துவாரம் இல்லை, மருந்து இல்லை. தலைமுடியைவிடச் சற்றே தடித்த கம்பி. குத்தும்போது எறும்பு கடித்தது போல ஒரு நொடி. பிறகு அந்த இடத்தில் ஒரு கனம், ஒரு மதமதப்பு. அன்று எங்களுக்கு முன் படுத்திருந்தவர் ஒரு மிளகாய் மண்டி முதலாளி. கழுத்துப் பிடிப்புக்காக வந்தவர். ஊசிகளோடு அரை மணி நேரம் கண்ணை மூடிப் படுத்திருந்தார். செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். எழுந்ததும், "எப்படி இருக்குது அண்ணாச்சி?" என்று கேட்டோம்.

"கழுத்து லேசா இருக்குது. அதவிட, இந்த அரை மணி நேரம் ஒருத்தனும் என்கிட்ட வெல கேக்கல பாருங்க, அதுவே பாதி வைத்தியம்" என்றார்.

சிரித்தபடி சொன்னாலும், இதில் உண்மை இருக்கிறது. அதற்குப் பின்னால் வருவோம்.

எடை போட்டுப் பார்த்தால்

வணிகன் எதையும் தராசில் வைக்காமல் ஏற்றுக்கொள்ள மாட்டான். பலன் உண்டா இல்லையா என்பதற்கு, "எனக்குச் சரியானது", "என் மச்சானுக்குச் சரியாகவில்லை" என்ற பேச்சு போதாது. ஒரே வலி உள்ள நூற்றுக்கணக்கானவர்களைப் பிரித்து, ஒருசாராருக்கு இது, மறுசாராருக்கு அது என்று கொடுத்துப் பார்க்க வேண்டும். அப்படிச் செய்த சோதனைகளில் புகழ்பெற்றது ஜெர்மனியில் நடந்தது. 2007-இல் வெளியான அந்த ஆய்வில், நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 1162 பேர் கலந்துகொண்டார்கள். மூன்று பிரிவுகள். முதல் பிரிவுக்கு முறையான அக்குபங்சர். இரண்டாம் பிரிவுக்குப் போலி அக்குபங்சர்; அதாவது புள்ளியே இல்லாத இடங்களில் மேலோட்டமாக ஊசி வைத்தார்கள். நோயாளிக்கு அது தெரியாது. மூன்றாம் பிரிவுக்கு வழக்கமான மாத்திரை, உடற்பயிற்சி வைத்தியம்.

ஆறு மாதம் கழித்துப் பார்த்ததில், முறையான ஊசி வைத்தவர்களில் நூற்றுக்கு 47.6 பேருக்குக் குணம் தெரிந்தது. போலி ஊசி வைத்தவர்களில் 44.2 பேருக்கு. மாத்திரைப் பிரிவில் 27.4 பேருக்கு மட்டும்.

இந்த மூன்று எண்களையும் நிதானமாகப் படிக்க வேண்டும். முதலாவதாக, வழக்கமான வைத்தியத்தைவிட ஊசி வைத்த இரு பிரிவினருக்குமே பலன் கூடுதல். ஆகவே, "எல்லாம் ஏமாற்று" என்று ஒதுக்கிவிட முடியாது. இரண்டாவதாக, சரியான புள்ளிக்கும் தவறான இடத்துக்கும் அவ்வளவு பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே, "இந்தப் புள்ளியைத் தொட்டால்தான் இந்த உறுப்பு சரியாகும்" என்ற கணக்கு அப்படியே நிரூபணமாகிவிடவும் இல்லை. ஊசி பட்டதும் நரம்பு தூண்டப்பட்டு, வலியைத் தணிக்கும் பொருள்களை உடம்பே சுரக்கிறது என்பது 1970-களிலிருந்து அறிவியலாளர் கூறிவரும் விளக்கம். அதோடு ஓய்வு, வைத்தியர் பொறுமையாக உட்கார்ந்து கேட்பது, நோயாளியின் நம்பிக்கை ஆகியவையும் சேர்ந்து வேலை செய்கின்றன. மண்டி முதலாளி சொன்ன பாதி வைத்தியம் அதுதான்.

ஜெர்மனியில் இடுப்பு வலிக்கும் முழங்கால் தேய்மான வலிக்கும் அக்குபங்சர் செலவை 2007 முதல் மருத்துவக் காப்பீடு ஏற்கிறது. பிரிட்டனில் கதை வேறு. அங்கே அரசு வழிகாட்டுக் குழு 2009-இல் இடுப்பு வலிக்கு இதைப் பரிந்துரைத்தது. 2016-இல் அதை விலக்கிக்கொண்டது. 2021-இல் வேறு காரணம் தெரியாத நாள்பட்ட வலிக்கு இதை ஒரு வழியாகச் சேர்த்துக்கொண்டது. அமெரிக்க தேசியச் சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு, 1997-இல், அறுவைக்குப் பின்னும் புற்றுநோய் மருந்துக்குப் பின்னும் வரும் குமட்டல் வாந்திக்கும், பல் பிடுங்கிய பின் வரும் வலிக்கும் இது பயன் தருகிறது என்றது. பெரிய நாடுகளின் நிபுணர்களே எடை போட்டு, மறுபடி எடை போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதை வணிகர்கள் மனதில் வைக்க வேண்டும்.

எதற்கு ஆகும், எதற்கு ஆகாது

நாம் விசாரித்த அளவில் தொகுத்துச் சொல்வதானால் இப்படிச் சொல்லலாம்.

நாள்பட்ட இடுப்பு வலி, கழுத்து, தோள்பட்டை இறுக்கம், முழங்கால் வலி, அடிக்கடி வரும் தலைவலி, ஒற்றைத் தலைவலி ஆகியவற்றுக்கு முயன்று பார்க்கலாம். ஐந்தாறு தடவையில் மாற்றம் எதுவும் தெரியாவிட்டால் நிறுத்திவிட்டு வேறு வழி பார்ப்பது புத்திசாலித்தனம். விற்காத சரக்கை மேலும் மேலும் கொள்முதல் செய்ய மாட்டோம் அல்லவா?

சர்க்கரை, இரத்த அழுத்தம், இதய நோய், காசநோய், புற்றுநோய், சிறுநீரகக் கோளாறு, தைராய்டு, வலிப்பு ஆகியவற்றுக்கு மருந்துக்குப் பதிலாக இதை வைக்கவே கூடாது. உடன் சேர்த்துக்கொள்வது வேறு. பதிலாக வைப்பது வேறு. இன்சுலின் போட்டே தீரவேண்டிய சர்க்கரை வகையில், அதை நிறுத்தினால் சில நாள்களிலேயே உயிருக்கு ஆபத்து வரும். மாத்திரை சாப்பிடும் வகையில் ஆபத்து உடனே தெரியாது. அதுதான் அதன் தந்திரம். கண், சிறுநீரகம், கால் நரம்பு மூன்றையும் ஓசையில்லாமல் அரிக்கும். கடன் பாக்கி ஏறுவது போல. இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தியவருக்குப் பக்கவாதம் முன்னறிவிப்பு இல்லாமல் வரும்.

நெஞ்சில் அழுத்தம், இடது கைக்குப் பரவும் வலி, குப்பென்ற வியர்வை வந்தால் அதை வாயு என்று சொல்லி சோடா குடித்துக்கொண்டிருக்கக் கூடாது. புள்ளி தேடிக்கொண்டும் இருக்கக் கூடாது. வாய் கோணினாலோ, ஒரு கை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ அப்படித்தான். உடனே 108-ஐ அழைக்க வேண்டும். பக்கவாதத்தில் அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. கம்பத்திலிருந்தோ கூடலூரிலிருந்தோ க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வந்து சேர ஆகும் நேரமும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

பிரசவமும் இந்தப் பட்டியலில் அடங்கும். வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும் தாய்க்கும் பிள்ளைக்கும் பாதுகாப்பு மருத்துவமனைதான்.

சட்டம் என்ன சொல்கிறது

மத்திய சுகாதார அமைச்சகம் 2003-இல் வெளியிட்ட ஆணையில், பதிவு பெற்ற மருத்துவர்களும் முறையான பயிற்சி பெற்றவர்களும் அக்குபங்சரை ஒரு சிகிச்சை வழியாகச் செய்யலாம் என்றது. 2019-இல் மத்திய அரசு இதைத் தனிச் சிகிச்சை முறையாக அங்கீகரித்தது. மேற்கு வங்கம் 1996-இலேயே தனிச்சட்டம் இயற்றியது. மகாராஷ்டிரத்திலும் 2015-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. நம் மாநிலத்தில் அவ்வாறு தனிச்சட்டமும், பதிவு செய்யும் கவுன்சிலும் இல்லை. அதனால் பல ஆண்டு படித்தவரும் பலகை மாட்டுகிறார். சில வாரப் பயிற்சி முடித்தவரும் பலகை மாட்டுகிறார்.

நம் கடையில் முத்திரை போடாத எடைக்கல் இருந்தால் அதிகாரி வந்து அபராதம் போடுவார். இத்துறையில் முத்திரை பார்க்க வேண்டிய பொறுப்பு நோயாளியின் தலையிலேயே விழுகிறது. அதனால்தான் கேட்டுத் தெரிந்துகொண்டு போக வேண்டும் என்கிறோம். யோகா, இயற்கை மருத்துவப் பட்டப்படிப்பான பி.என்.ஒய்.எஸ். பாடத்திலும் அக்குபங்சர் உண்டு. அந்தப் பட்டம் பெற்றவர்களிடமும் ஆலோசனை கேட்கலாம்.

போகுமுன் பார்க்க வேண்டியவை

ஒன்று: உங்களுக்கு என்ன நோய் என்பதை முதலில் டாக்டரிடம் பரிசோதித்துத் தெரிந்துகொள்ளுங்கள். இடுப்பு வலி எல்லாம் மூட்டை தூக்கியதால் வந்ததல்ல. சிறுநீரகக் கல்லாகவும் இருக்கலாம், எலும்பில் வேறு நோயாகவும் இருக்கலாம்.

இரண்டு: ஊசி புதியதா என்று பாருங்கள். உறை பிரிக்காத, ஒருமுறை மட்டும் பயன்படுத்தி எறியும் ஊசியாக இருக்க வேண்டும். உறையை உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டாம். முத்திரை உடைந்த எண்ணெய் டின்னை நாம் வாங்குவோமா? 1984-இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ஒரே சிகிச்சையாளரிடம் ஊசி வைத்துக்கொண்ட 35 பேருக்கு மஞ்சள் காமாலைக் கிருமியான ஹெபடைடிஸ் பி தொற்றியது பதிவாகியிருக்கிறது.

மூன்று: இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், இதயத்தில் பேஸ்மேக்கர் கருவி வைத்தவர்கள், கர்ப்பிணிகள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். பேஸ்மேக்கர் உள்ளவர்களுக்கு மின்சாரம் பாய்ச்சும் முறை கூடாது. சர்க்கரை உள்ளவர்கள் மரத்துப்போன பாதத்தில் ஊசியோ சூடோ வைத்துக்கொள்ள வேண்டாம்.

நான்கு: நெஞ்சுப் பகுதியில் ஆழமாக ஊசி வைப்பதற்கு இடம் கொடுக்காதீர்கள். நுரையீரலில் குத்திவிட்டால் மூச்சுத் திணறும். இது அபூர்வம்தான், ஆனால் நடந்திருக்கிறது.

ஐந்து: "எல்லா மாத்திரையையும் நிறுத்து" என்று சொன்னால் நன்றி சொல்லி எழுந்து வந்துவிடுங்கள். மாத்திரையைக் குறைப்பதும் நிறுத்துவதும் அதை எழுதிக்கொடுத்த டாக்டரின் வேலை. அதுவும் இரத்தப் பரிசோதனை பார்த்த பிறகு. நல்ல சிகிச்சையாளர் இதைச் சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஆறு: பல மாதக் கட்டணத்தை முன்பணமாகக் கட்டாதீர்கள். ஒவ்வொரு முறைக்கும் ரொக்கம். பலன் தெரிந்தால் அடுத்த முறை.

கடையிலேயே செய்யக்கூடியவை

ஊசிக்குப் போவதற்கு முன்பாக, காசு செலவில்லாத சில வழிகள் உண்டு. முதலாவது, கடையில் ஒரு முக்காலி. 2021-இல் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் செய்து, ஊழியர்களுக்கு உட்கார இருக்கை வசதி தரவேண்டும் என்று ஆக்கினார்கள். நம்மில் பலர் அதைச் சட்டத்துக்காகப் போட்டோம். சிலர் இன்னும் போடவில்லை. பையனுக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று போடுங்கள். வாடிக்கையாளர் இல்லாத ஐந்து நிமிடம் உட்கார்ந்தாலும் காலுக்கு லாபம்.

மூட்டையை முதுகை வளைத்துத் தூக்காமல், முழங்காலை மடக்கி, மூட்டையை உடம்போடு ஒட்டித் தூக்கப் பழக வேண்டும். அடிக்கடி எடுக்கும் சரக்கை இடுப்பு உயரத்தில் அடுக்கினாலே நாளொன்றுக்கு நூறு தடவை குனிவது மிச்சம். காலையில் கடை திறக்குமுன் அரை மணி நேர நடை. மதியச் சாப்பாட்டுக்கு ஒரு நேரம். சர்க்கரை உள்ளவர்கள் இரவு கடை சாத்தியதும், கல்லாவை எண்ணுவதற்கு முன் இரண்டு பாதங்களையும் கழுவி, விரல் இடுக்கு வரை பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாவிட்டால் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

விரலால் அழுத்தும் ஒரு சிறு முறையையும் சொல்லிவிடுகிறோம். உள்ளங்கைப் பக்கம் மணிக்கட்டு மடிப்பிலிருந்து மூன்று விரல்கடை மேலே, இரண்டு நரம்புகள் போல் தெரியும் தசைநார்களுக்கு நடுவே ஒரு புள்ளி. குமட்டலுக்கான புள்ளி இது. அறுவைக்குப் பின் வரும் குமட்டலில் இதற்கு நல்ல சான்று இருக்கிறது. வண்டி மயக்கத்துக்குப் பலன் ஆளுக்கு ஆள் மாறுபடும். ஆனாலும் ஏலக்காய் வேலையாகப் போடிமெட்டு ஏறும்போதும், குமுளிக்குப் போகும்போதும் கொண்டை ஊசி வளைவுகளில் தலை சுற்றுபவர்கள் ஓரிரு நிமிடம் அழுத்திப் பார்க்கலாம். கெடுதல் இல்லை, செலவும் இல்லை.

முடிவாக

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பார்கள். நம் கடையின் முதல் முதலீடு நம் உடம்புதான். அதற்கு எந்த வங்கியும் மறுகடன் தருவதில்லை. ஊசி வைத்தியத்தைக் கேலி செய்யவும் வேண்டாம். தலையில் தூக்கி ஆடவும் வேண்டாம். வலிக்கு அதைப் பயன்படுத்திக்கொள்வதில் தவறில்லை. ஆனால் சர்க்கரைக்கும் அழுத்தத்துக்கும் உரிய மாத்திரை, உரிய பரிசோதனை, உரிய டாக்டர் என்பதில் நம் வணிகர் எவரும் சமரசம் செய்யக் கூடாது.

விரலை இழந்த நண்பர் மறுபடியும் கடைக்கு வந்துவிட்டார். இப்போது முக்காலியில் உட்கார்ந்துதான் வியாபாரம் பார்க்கிறார். கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் மாத்திரை டப்பா இருக்கிறது. முழங்கால் வலித்தால் இன்னமும் ஊசி வைத்துக்கொள்ளப் போகிறார். ஆனால் வேறு இடத்துக்கு, டாக்டரிடம் சொல்லிவிட்டு. கடன் நோட்டுக்கு மேலே புதிதாக ஒரு சிறிய நோட்டு வைத்திருக்கிறார். அதில் தேதி, சர்க்கரை அளவு, இரத்த அழுத்தம் என்று மூன்று பத்திகள் கோடு போட்டிருக்கிறார்.

அப்படி ஒரு நோட்டை நம் ஒவ்வொரு கடையிலும் நாளைக் காலையிலேயே போடுவோம்.